ஸ்பிரிங்கைக் கேளாமல் கேமை மாற்றலாமா?

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)



மார்த்தாண்டம் பக்கமிருந்து வந்து குழித்துறைப் பாலத்தைக் கடக்கும் புல்லட் மோட்டார் சைக்கிளின் ‘டப், டப்’ என்னும் ஓசையைக் கேளாத செவி நம் ஊரில் உண்டோ? அந்த ஓசைக்குள்ளே இரண்டு சிறு கதவுகள் நொடிக்குப் பல முறை திறந்து மூடுகின்றன. அவற்றை மூடுவது கைவிரல் நீளமுள்ள ஒரு ஸ்பிரிங். இதைச் சென்ற ஆண்டு வரை நாங்களும் அறியோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நேர்ந்த ஒரு சங்கடமே எங்களுக்கு இதைக் கற்றுத் தந்தது. அதனை இவ்வாண்டு மலரில் எங்களால் இயன்றவரை எளிய முறையில் எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

எங்கள் குழுவில் ஐந்து பேர். அவர்களில் ஒருத்தியின் வீட்டில் தாத்தா காலத்துப் பழைய புல்லட் 350 ஒன்று உண்டு. அவளுடைய அப்பா தோட்டத்து ரப்பர் ஷீட்டை அதில் கட்டித்தான் கடைக்குக் கொண்டு போவார். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். வண்டிக்கு இன்னும் வேகம் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சேர்த்து வைத்திருந்த பணத்தில் ‘ஹை லிஃப்ட் கேம்’ என்ற பொருளை வெளியூரிலிருந்து வரவழைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவிடம் சொல்லாமல், நண்பர் ஒருவருடன் சேர்ந்து தாமே அதை மாட்டிவிட்டார்.

மூன்று வாரம் வண்டி நன்றாகவே ஓடியது. ஏற்றத்தில் முன்னைவிட விரைவாக ஏறியது. அண்ணனுக்கு ஏக மகிழ்ச்சி. ஆடி மாதம் வாவுபலிப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில், களியக்காவிளைச் சாலையின் ஏற்றம் ஒன்றில் இரண்டாம் கியரில் வண்டியை நன்றாக முறுக்கியிருக்கிறார். எஞ்சினின் தலையிலிருந்து ‘சடசட’வென்று ஓசை கேட்டது, வண்டி நின்றுவிட்டது. பிறகு எத்தனை முறை உதைத்தும் அது உயிர் பெறவில்லை.

ஒர்க்ஷாப்பில் பிரித்துப் பார்த்தபோது ஒரு வால்வின் ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. புஷ் ராடு என்னும் கம்பி வில்லாய் வளைந்திருந்தது. அதன்பின் அப்பா ஷீட்டை ஆட்டோவில் வாடகை கொடுத்துக் கொண்டு போனார். மூன்று வாரம் அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டியைக் கழிவு விலைக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் அப்பா சொல்லிவிட்டார். வகுப்பில் எங்கள் தோழியின் முகம் வாடியிருந்ததற்குக் காரணம் இதுவே.

அந்த வாரந்தான் அறிவியல் கண்காட்சிக்கான அறிவிப்பு வந்தது. எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டர், “எரிமலையும் காற்றாலையும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். இந்த முறை உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருளை எடுத்து, அது ஏன் பழுதானது என்று கண்டுபிடித்து வாருங்கள்” என்றார்கள். நாங்கள் ஐவரும் தோழியின் முகத்தைப் பார்த்தோம். அவள் தலையசைத்தாள்.

எஞ்சினின் இரு கதவுகள்

முதலில் புல்லட்டைப் பற்றிச் சிறிது அறிவோம். இங்கிலாந்தில் பிறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டை நம் நாட்டில் செய்வதற்காக 1955ஆம் ஆண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இராணுவத்தினரும் காவல் துறையினரும் அவ்வண்டியைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். தாய்நாடான இங்கிலாந்தில் உற்பத்தி நின்ற பின்னும் நம் தமிழ்நாட்டில் அது தொடர்ந்தது.

பழைய புல்லட் 350-இன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மி.மீ. உருளையின் கன அளவு காணும் சூத்திரத்தை நாம் கணித வகுப்பில் படித்திருக்கிறோம். போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 346 கன செ.மீ. வரும். அதுவே ‘350’ என்று பெயர் பெற்றது.

இந்த எஞ்சினின் தலைப்பகுதியில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடும் கதவு. மற்றொன்று எரிந்த புகையை வெளியே விடும் கதவு. உள்ளிழுத்தல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு வேலைகளும் முடிய எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூட வேண்டும்.

வால்வைத் திறப்பது கேம். முட்டையை நீளவாக்கில் வெட்டினால் ஒரு பக்கம் கூம்பித் தெரியுமல்லவா? கேமின் வடிவமும் அத்தகையதே. அது சுழலும்போது கூம்பிய மூக்கு மேலே வந்து டாப்பெட்டைத் தள்ளும். டாப்பெட் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையை உயர்த்தும். ராக்கர் சீசா பலகை போல மறுமுனையால் வால்வைக் கீழே அழுத்தித் திறக்கும்.

திறப்பதற்கு இத்தனை பேர். மூடுவதற்கோ ஸ்பிரிங் ஒன்றே! கேமின் மூக்கு கடந்து சென்றதும், ஸ்பிரிங் விரிந்து வால்வைத் தன் இருக்கையில் கொண்டுபோய் அமர்த்துகிறது. அதுமட்டுமன்று. டாப்பெட்டும் புஷ் ராடும் ராக்கரும் கேமைவிட்டு விலகாதபடி பிடித்துவைப்பதும் அதுவே. (பழைய புல்லட்டில் வால்வு ஒன்றுக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ஸ்பிரிங் உண்டு. கணக்கு எளிதாக இருக்க அவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்வோம்.)

வால்வு திறக்கும் தூரத்தை ‘லிஃப்ட்’ என்பர். கதவு அகலமாகத் திறந்தால் கலவை அதிகம் நுழையும், சக்தியும் கூடும். ஆகவே மூக்கு உயரமான கேமைப் போடுகிறார்கள். அண்ணன் செய்ததும் அதுவே. அவர் கேமை மட்டும் மாற்றினார். பழைய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துவிட்டார்.

ஹூக் கண்ட விதி

ஸ்பிரிங்கைப் பற்றி முதலில் விதி கண்டவர் ஆங்கில விஞ்ஞானி இராபர்ட் ஹூக். அவர் 1660ஆம் ஆண்டில் அதைக் கண்டறிந்தார். பிறர் தமக்கு முன் சொல்லிவிடக் கூடாதே என்று 1676இல் எழுத்துகளை இடம் மாற்றி ஒரு புதிராக வெளியிட்டார். 1678இல்தான் விடையைச் சொன்னார். ஒரு ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கேற்ற விசையோடு அது எதிர்த்துத் தள்ளும் என்பதே அவ்விதியின் சாரம். 1 மி.மீ. அழுத்த 20 நியூட்டன் விசை தேவையானால், 10 மி.மீ. அழுத்த 200 நியூட்டன் தேவை.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. அழுத்திக்கொண்டே போனால் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும். அதன்பின் அது வெறும் இரும்புக் குழாய். ஒரு மயிரிழை கூட அழுந்தாது. இந்த நீளத்தை நாங்கள் ‘முட்டும் நீளம்’ என்று குறித்துக்கொண்டோம்.

ரப்பர் கடைத் தராசு

ஸ்பிரிங்கின் விசையை அளக்கப் பெரிய தொழிற்சாலைகளில் தனிக் கருவி உண்டு. எங்களுக்கு அது ஏது? ஒர்க்ஷாப் மாமாவே வழி சொன்னார். ரப்பர் ஷீட் கடையிலிருந்து ஒரு தராசை இரவல் வாங்கி, துளை போடும் மெஷினின் மேசைமேல் வைத்தோம். தராசின்மேல் ஒரு தடித்த இரும்புத் தகடு, அதன்மேல் ஸ்பிரிங். மெஷினின் முனையில் துளையூசிக்குப் பதில் தட்டையான ஒரு துண்டு. மெஷினை ஓட விடாமல், கைப்பிடியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் அழுந்தும்; தராசு எத்தனை கிலோ என்று காட்டும். கிலோவை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் கிடைக்கும்.

“முகத்தை நேரே கொண்டு வராதீங்க மக்களே. அழுந்தின ஸ்பிரிங் தெறிச்சா கண்ணு போயிரும்” என்று மாமா எச்சரித்தார். எல்லாருக்கும் கண்ணாடி தந்து, கைப்பிடியைத் தாமே இறக்கினார். நாங்கள் வெர்னியர் அளவுகோலைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதினோம். உடையாத பக்கத்து வால்வின் பழைய ஸ்பிரிங்கையும், கடையில் வாங்கிய அதே வகைப் புது ஸ்பிரிங்கையும் அளந்தோம்.

எங்கள் அளவுகளை எளிய எண்களாக்கிக் கீழே தருகிறோம். இவை கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. எந்த வண்டிக்கும் கம்பெனி தந்த அளவுகள் அல்ல.

புது ஸ்பிரிங் தனியே நிற்கும் நீளம்: 46 மி.மீ.
பழைய ஸ்பிரிங் தனியே நிற்கும் நீளம்: 45 மி.மீ.
1 மி.மீ. அழுத்தத் தேவையான விசை: 20 நியூட்டன்.
எஞ்சினில் மாட்டியபின், வால்வு மூடியிருக்கையில் நீளம்: 36 மி.மீ.
முட்டும் நீளம்: 25.8 மி.மீ.
பழைய கேமின் லிஃப்ட்: 8 மி.மீ.
புதிய கேமின் லிஃப்ட்: 10 மி.மீ.

முதல் கணக்கு: இடம் போதுமா?

பழைய கேம் வால்வை முழுதும் திறக்கும்போது ஸ்பிரிங்கின் நீளம் 36-இல் 8 போக 28 மி.மீ. முட்டும் நீளத்துக்கு இன்னும 2.2 மி.மீ. மீதி இருக்கிறது. இது நல்ல இடைவெளி.

புதிய கேமில் 36-இல் 10 போக 26 மி.மீ. மீதி 0.2 மி.மீ. மட்டுமே! அஞ்சலட்டை ஒன்றின் கனத்துக்குச் சற்றொப்பான இடைவெளி அது. குறைந்தது 1 முதல் 1.5 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்பது எஞ்சின் கட்டுவோரின் பொது வழக்கம். கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தபோது அண்ணனுக்கு எதுவும் தட்டுப்படாததற்குக் காரணம், அந்த 0.2 மி.மீ. அப்போது மிச்சமிருந்ததே.

இரண்டாம் கணக்கு: பலம் போதுமா?

எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும்போது கேம் அதில் பாதியாக 2,500 சுற்றுச் சுற்றும். அதாவது வால்வு நொடிக்கு ஏறக்குறைய 42 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் அது திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த நேரத்துக்குள் கீழே பாயும் வால்வை நிறுத்தித் திருப்ப வேண்டும். ஓடி வரும் குழந்தையைத் தடுத்துத் திருப்ப நம் கைக்குப் பலம் வேண்டுமல்லவா? இங்கே அக்கை ஸ்பிரிங். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது என்று நியூட்டன் சொன்ன இரண்டாம் விதியைப் பயன்படுத்தினோம். அசையும் உறுப்புகளின் நிறை 150 கிராம் என்றும், வால்வு சீரான அலைபோல எழுந்து தாழ்கிறது என்றும் வைத்துக்கொண்டோம். முடுக்கத்தைக் கண்டுபிடிக்க சிஸ்டர் உதவினார்கள்.

பழைய கேமில், 5,000 சுற்றில், உச்சியில் முடுக்கம் சுமார் 2,100 மீட்டர்/வினாடி². புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 200 மடங்குக்கும் மேல்! இதற்கு வேண்டிய விசை 315 நியூட்டன். பழைய ஸ்பிரிங் அந்த இடத்தில் 45-இல் 28 போக 17 மி.மீ. அழுந்தியிருக்கும், ஆகவே 340 நியூட்டன் தரும். 315-க்கு 340. தப்பித்தது.

புதிய கேமில் தேவை 394 நியூட்டன். பழைய ஸ்பிரிங் 19 மி.மீ. அழுந்தித் தருவது 380 நியூட்டன். 14 நியூட்டன் குறைவு!

இதுவே எங்கள் கேள்விக்கு விடை. மெதுவாக ஓட்டிய மூன்று வாரமும் தேவை குறைவாக இருந்ததால் ஸ்பிரிங் சமாளித்தது. அந்த ஏற்றத்தில் முறுக்கியபோது, டாப்பெட் கேமின் மூக்கில் தொடர்ந்து படியாமல் துள்ளிவிட்டது. இதனை ‘வால்வு மிதத்தல்’ என்பார்கள். துள்ளிய வால்வு 10 மி.மீ.-க்கும் கூடுதலாகத் திறந்தது. மிச்சமிருந்த 0.2 மி.மீ. இடைவெளி தீர்ந்தது. சுருள்கள் முட்டின. அழுந்த இடமில்லாத ஸ்பிரிங்கை மேலும் அழுத்தியதால் புஷ் ராடு வளைந்தது, ஸ்பிரிங் முறிந்தது. பலமும் போதவில்லை, இடமும் போதவில்லை. இரண்டு குறையும் ஒரே நொடியில் கைகோத்துக்கொண்டன.

பலத்த ஸ்பிரிங் போட்டால் தீராதா?

எங்களுக்கும் இந்த ஐயம் எழுந்தது. இருப்பதிலேயே பலமான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டால் என்ன? மாமா சிரித்தார். “அதுவும் ஆபத்துதான் மக்களே. சொல்லுதேன், கேளுங்க” என்று ஒரு பழைய கேமை எடுத்துக் காட்டினார். அதன் மூக்கு தேய்ந்து மொட்டையாகியிருந்தது.

ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் கேமின் மூக்கிலும் டாப்பெட்டிலும்தான் இறங்குகிறது. இடையே காப்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. அழுத்தம் மிகுந்தால் அப்படலம் கிழிந்து இரும்போடு இரும்பு உரசும். வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. வேகமாக ஓடும்போது ஸ்பிரிங்கின் விசையில் பெரும்பகுதி வால்வைத் திருப்புவதிலேயே செலவாகிவிடும். மெதுவாக ஓடும்போதோ அவ்விசை முழுவதும் மூக்கின்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே தேவைக்கு மிஞ்சிய ஸ்பிரிங் வண்டி சும்மா நின்று ஓடும்போதுகூடக் கேமைத் தின்றுகொண்டிருக்கும்.

ஸ்பிரிங்கின் அடியில் வாஷர் வைத்து இறுக்குவது வேறொரு வழி. 1 மி.மீ. வாஷர் வைத்தால் 20 நியூட்டன் கூடும் என்பது உண்மையே. ஆனால் முட்டுவதற்கு இருந்த இடத்தில் அதே 1 மி.மீ. குறைந்துபோகும். எங்கள் கணக்கில் இருந்ததே 0.2 மி.மீ.தான்!

அப்படியானால் பொருத்தமான ஸ்பிரிங் எது? தனியே 45 மி.மீ. நீளமும், 1 மி.மீ.-க்கு 25 நியூட்டன் விசையும், 23.5 மி.மீ. முட்டும் நீளமும் கொண்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். வால்வு மூடியிருக்கையில் 225 நியூட்டன். முழுதும் திறக்கையில் 475 நியூட்டன். 5,000 சுற்றுக்கு வேண்டிய 394-ஐவிட இது 20 சதவீதம் அதிகம். முட்டுவதற்கு 2.5 மி.மீ. மீதியும் உண்டு. ஆனால் 5,500 சுற்றுக்குப் போனால் தேவை 477 நியூட்டனாகிவிடும். வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விசை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து அது ஏறுவதே காரணம். ஆகவே இந்த ஸ்பிரிங்குக்கும் ஓர் எல்லை உண்டு. ஓட்டுபவர் அதை அறிந்திருக்க வேண்டும்.

மாட்டுமுன் அளக்க வேண்டியவை

மாமா சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டவை இவை:

1. லிஃப்டை வால்விலேயே அளக்க வேண்டும். ராக்கரின் இரு கைகளும் சமமில்லையென்றால் கேமில் உள்ள உயரமும் வால்வு திறக்கும் தூரமும் வேறுபடும்.

2. ஸ்பிரிங் இல்லாமல் வால்வையும் மேல் தட்டையும் மாட்டி, ஸ்பிரிங் உட்காரும் உயரத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். இரண்டு வால்வுக்கும் தனித்தனியே அளப்பது அவசியம்.

3. அந்த உயரத்திலிருந்து லிஃப்டைக் கழித்து, முட்டும் நீளத்தோடு ஒப்பிட வேண்டும். உள் ஸ்பிரிங், வெளி ஸ்பிரிங் இரண்டில் எது முதலில் முட்டுகிறதோ அதுவே கணக்கு.

4. வால்வு முழுதும் திறக்கையில், ஸ்பிரிங்கின் மேல் தட்டு வால்வுக் கைடின் உச்சியில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் சரியாக இருந்தும் இந்த இடத்தில் ஏமாந்தவர்கள் பலர்.

5. பிஸ்டனின் தலையில் சிறுவர் விளையாடும் களிமண்ணை வைத்து, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிரித்தால், வால்வின் தடம் பதிந்திருக்கும். அங்கே களிமண்ணின் கனம் உள்விடும் வால்வுக்குச் சுமார் 2 மி.மீ., வெளிவிடும் வால்வுக்குச் சுமார் 2.5 மி.மீ. குறையாமல் இருக்க வேண்டும். வெளிவிடும் வால்வு சூட்டில் அதிகம் நீள்வதால் அதற்குக் கூடுதல் இடம்.

6. பழைய ஸ்பிரிங்கை நம்பக் கூடாது. ஆண்டுக்கணக்கில் சூட்டில் அழுந்தி அழுந்தி அதன் நீளம் குறைந்திருக்கும். எங்கள் ஸ்பிரிங் இழந்தது 1 மி.மீ. மட்டுமே, ஆனால் அதனோடு 20 நியூட்டன் போயிற்று. அது இருந்திருந்தால் 394-க்கு 400 இருந்திருக்கும்.

பந்தயக் களத்தில்

இந்தச் சிக்கல் நம் ஊர் வண்டிக்கு மட்டும் உரியதன்று. உலகத்துப் பெரிய பொறியாளர்களும் ஸ்பிரிங்கோடு போராடியிருக்கிறார்கள். சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், பல்லாண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை எழுந்தது. அத்தகைய களங்களில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். சுற்று கூடக் கூட ஸ்பிரிங்கின் சோதனையும் கூடும்.

ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1954, 1955ஆம் ஆண்டுகளில் ஓட்டிய பந்தயக் கார்களில், வால்வைத் திறக்க ஒரு கேமும் மூட மற்றொரு கேமும் வைத்தது. இத்தாலியின் டுகாட்டி நிறுவனத்துப் பொறியாளர் ஃபாபியோ டாக்லியோனி அதே முறையை 1956இல் பந்தய மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். பிரான்சின் ரெனோ நிறுவனம் 1986இல் ஃபார்முலா ஒன் எஞ்சினில் எஃகுச் சுருளுக்குப் பதிலாக அழுத்தப்பட்ட வாயுவையே ஸ்பிரிங்காக்கியது. இன்று விற்பனைக்கு வரும் புல்லட் 350-லும் கேம் எஞ்சினின் தலைக்கே ஏறிவிட்டது. நீண்ட புஷ் ராடு இல்லை. அசையும் நிறை குறைந்தால் ஸ்பிரிங்கின் பாரமும் குறையுமல்லவா?

பெண்களுக்கு இது எதற்கு?

கண்காட்சியன்று எங்கள் மேசைக்கு வந்த பெரியவர் ஒருவர், “பொம்பளைப் பிள்ளைகளுக்கு இந்தக் கரிவேலை எதற்கு?” என்று கேட்டார். எங்களுக்கு முகம் சிவந்தது. ஆனால் பதில் தயாராக இருந்தது.

பீட்ரிஸ் ஷில்லிங் என்ற ஆங்கிலப் பெண் பொறியாளர் 1934இல் தம் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில், புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையை மணிக்கு 100 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் சுற்றித் தங்க நட்சத்திரம் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் மூக்கைத் தாழ்த்திப் பாயும்போது எஞ்சின் திணறியது. அவர் 1941இல், நடுவில் துளையுள்ள ஒரு சிறு உலோக வில்லையைப் பெட்ரோல் வழியில் பொருத்தி அதைச் சரிசெய்தார். எவ்வளவு எரிபொருள் தேவை என்று கணக்கிட்டு, அதற்கேற்ற அளவில் துளையிட்டதே அவர் செய்தது. நம் நாட்டிலும் பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் மோட்டார் சைக்கிள் பாஹா பந்தயத்தின் உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்றிருக்கிறார்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தராசில் ஸ்பிரிங்கை அழுத்திக் காட்டச் சொன்னார். இரண்டு முறை பார்த்தார்.

முடிவாக

வண்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் கணக்கு முடிந்த அன்று மாலை, மாமா அப்பாவையும் அண்ணனையும் ஒர்க்ஷாப்புக்கு வரச் சொன்னார். தோழி குறிப்பேட்டைப் பிரித்து அப்பாவுக்கு ஒவ்வோர் எண்ணாகப் படித்துக் காட்டினாள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பழைய கேமுக்கு இந்தப் பழைய ஸ்பிரிங் போதுமா இருந்துதா மக்களே?”

“ஆமா அப்பா. 315 வேணும். 340 இருந்துது.”

அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, “நீ வண்டியைக் கெடுக்கணும்னு செய்யல்ல. கணக்குப் பாக்காம செய்துபோட்ட. அம்புட்டுதான்” என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் மகனிடம் பேசிய முதல் பேச்சு அது. அண்ணன் தலைகுனிந்து, “முதல்லயே உங்க கிட்ட கேட்டிருக்கணும் அப்பா” என்றார்.

புதிய கேமுக்குப் பொருத்தமான ஸ்பிரிங் வாங்கலாம் என்று மாமா சொன்னார். ரப்பர் ஷீட் சுமக்கும் வண்டிக்கு அவ்வளவு வேகம் எதற்கு என்று கேட்டு, பழைய கேமையே மாட்டச் சொன்னது அண்ணன்தான். ஸ்பிரிங்குகள் மட்டும் புதியவை. அவற்றின் கணக்கையும் போட்டோம்: 315-க்கு 360. அண்ணனுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. முதல் சம்பளத்தில் ஒர்க்ஷாப் கடனை அடைத்தார். ஹை லிஃப்ட் கேமும் முறிந்த ஸ்பிரிங்கும் எங்கள் கண்காட்சி மேசையில் இடம்பெற்றன. இரண்டாம் பரிசு கிடைத்தது.

ஆகவே தோழியரே, எஞ்சினில் எந்த உறுப்பும் தனியே வாழ்வதில்லை. ஒன்றை உயர்த்தினால், அதனோடு சேர்ந்து உழைக்கும் மற்றவற்றுக்கு அதற்குரிய இடமும் பலமும் இருக்கின்றனவா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். அளக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு வெர்னியர், ஒரு ரப்பர் கடைத் தராசு, ஒரு குறிப்பேடு, கேட்டால் சொல்லித்தர ஒரு பெரியவர், இவை போதும்.

இப்போது அந்தப் புல்லட் பாலத்தின் வழியே போகும்போது, நாங்கள் ஐவரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்கிறோம். ஓசை சீராக இருக்கிறது.